குழந்தைகள் கையில் தாங்கும் போர்டு: வாசகர் கேள்வி–பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மைக்ரோகன்ட்ரோலருக்கு (விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்கும் குட்டிக் கணினிச் சிப்) நிரல் எழுதக் கற்றுத்தர, சொந்தமாக ஒரு பயிற்சி போர்டு வடிவமைப்பது பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கடையிலேயே அர்டுயினோ ஊனோ, மைக்ரோபிட், ராஸ்பெரி பை பிக்கோ என்று இத்தனை கிடைக்கும்போது நாமே ஏன் வடிவமைக்க வேண்டும்? அப்படியே வடிவமைத்தாலும் எந்தச் சிப்பில் தொடங்குவது?
– கணினி ஆசிரியை, திண்டுக்கல்

உங்கள் பள்ளியில் மைக்ரோபிட் வாங்கப் பணம் இருந்தால் வாங்கிவிடுங்கள், வடிவமைக்க வேண்டாம். 2016-இல் பிரிட்டனில் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கென்றே உருவான போர்டு அது. 25 எல்.இ.டி., இரண்டு பட்டன், அசைவை அறியும் சென்சார் எல்லாம் அதிலேயே உண்டு. முதலை கிளிப் மாட்ட ஐந்து பெரிய துளைகளும் இருக்கின்றன. பிள்ளை பெட்டியைத் திறந்த பத்தாவது நிமிடம் தன் பெயரை அதில் ஓடவிடலாம்.

ஊனோவின் (பரவலாகக் கிடைக்கும் ஆர்3 பதிப்பின்) கதை வேறு. 2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில் வடிவமைப்பு படித்த மாணவர்களுக்காகத் தொடங்கிய அர்டுயினோ குடும்பத்தில் வந்தது அது. வயது வந்தவர்கள் கையில் அருமையான கருவி. ஆனால் அதன் மேல் பிள்ளை விளையாட இருப்பது ஒரே ஒரு குட்டி எல்.இ.டி. மற்றதற்கெல்லாம் பிரெட்போர்டும் (பாகங்களைச் சொருகும் துளைப் பலகை) ஜம்பர் வயரும் வேண்டும். 40 நிமிட வகுப்பில் பாதிக்கு மேல் வயர் சொருகுவதிலும், சொருகிய வயர் எங்கே கழன்றது என்று தேடுவதிலுமே போய்விடும். நிரல் எழுதும் பாடம் தொடங்கவே தொடங்காது.

சொந்த போர்டுக்கு நியாயம் இருப்பது மூன்று இடங்களில்: தலைக்கு ஒரு போர்டு கொடுக்கும் அளவுக்குச் செலவு குறைய வேண்டும், கெட்டால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடிய வேண்டும், போர்டின் மேல் தமிழ் இருக்க வேண்டும். இந்த மூன்றும் உங்கள் தேவையென்றால், வெறும் சிப்பை வாங்கி அதைச் சுற்றி வரையாதீர்கள். பிக்கோவை முழுதாக வாங்கி, இரண்டு வரிசை 20 துளை சாக்கெட்டில் சொருகும்படி ஒரு தாய் போர்டு மட்டும் வரையுங்கள். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் அறிமுகமான போர்டு அது. அதன் தொடக்க நிரல் சிப்புக்குள்ளேயே அழிக்க முடியாத ரோம் நினைவகத்தில் இருக்கிறது. பிள்ளை எவ்வளவு தவறான நிரலை ஏற்றினாலும் பிக்கோவின் மேலுள்ள பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டு கேபிளைச் சொருகினால் மறுபடி வழிக்கு வந்துவிடும். 264 கிலோபைட் நினைவகம் இருப்பதால் மைக்ரோபைத்தான் (சிறிய சிப்புகளுக்கான பைத்தான் மொழி) தாராளமாக ஓடும். ஊனோவின் 2 கிலோபைட்டில் அது முடியாது. சாக்கெட்டில் இருப்பதால், ஒன்று இறந்தால் கழற்றி வேறொன்றைச் சொருக ஒரு நிமிடம் போதும். ஊசிகள் சோல்டர் செய்யப்பட்டே (உலோகக் கம்பியை உருக்கிப் பற்றவைத்தே) வரும் பிக்கோ ஹெச் வகையை வாங்குங்கள்.

பிக்கோவிடம் ஒரு பெரிய குறை உண்டு. பின்களின் (சிப்போடு இணைக்கும் முனைகளின்) பெயர்கள் அடிப்பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கின்றன. சொருகிய பிறகு கண்ணுக்கே தெரியாது. உங்கள் தாய் போர்டு தீர்க்க வேண்டிய முதல் சிக்கல் அதுதான்.

வைஃபை வேண்டும் என்று, அது உள்ளேயே உள்ள இ.எஸ்.பி.32 சிப்பில் தொடங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் 34 முதல் 39 வரையான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும், 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போய்விடும், 12-ஆம் பின்னை உயர் நிலையில் வைத்து மின்சாரம் கொடுத்தால் பல போர்டுகள் எழுந்திருக்கவே மாட்டா. இத்தனை விதிவிலக்குகளைப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. முதல் ஆண்டுக்கு வேண்டாம்.

போர்டில் என்னென்ன பாகங்கள் வைக்கலாம்? பன்னிரண்டு சென்சார்கள் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன்.
– ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், திருச்சி

பட்டியலைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். பாகம் கூடக்கூடப் பிள்ளையின் கண்ணுக்கு எது எதோடு சேர்ந்தது என்பது தெரியாமல் போகும், கெட்டுப்போகும் இடங்களும் கூடும். முதல் பத்துப் பாடங்களுக்கு மூன்று எல்.இ.டி., இரண்டு பட்டன், ஒரு திருகு பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்னழுத்தம் மாறும் குமிழ்), ஒரு எல்.டி.ஆர். (வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறும் பாகம்), ஒரு பஸ்ஸர், முதலை கிளிப் மாட்ட நான்கு வெளித் தொடுமுனைகள் போதும். சிக்னல் விளக்கு, யார் முதலில் அழுத்தினார் என்ற வினாடி வினா மணி, இருட்டினால் எரியும் விளக்கு, திருகினால் சுருதி மாறும் ஒலி, இசைக்குறிப்பு எல்லாமே இவற்றுக்குள் அடங்கிவிடும்.

நாங்கள் பரிந்துரைக்கும் பின் பங்கீடு இது. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்.இ.டி.கள் ஜிபி2, 3, 4-இல் (ஜிபி என்பது நிரலில் எழுதும் பின் எண்). பட்டன்கள் 14, 15-இல். பஸ்ஸர் 16-இல். திருகு 26-இல், எல்.டி.ஆர். 27-இல். வெளித் தொடுமுனைகள் 18, 19, 20, 28. இதில் 28 அனலாக் (0, 1 மட்டுமல்லாமல் இடைப்பட்ட மின்னழுத்தமும்) படிக்கும். 18-உம் 19-உம் ஐ.ஸ்கொயர்.சி. என்ற இரண்டு வயர் தகவல் இணைப்புக்கும் பொருந்துவதால், பின்னாளில் ஒரு சிறிய ஓ.எல்.இ.டி. திரையை மாட்ட வழி இருக்கும். பிக்கோவின் 30-ஆம் ஊசிக்கும் (இது ஊசியின் வரிசை எண், ஜிபி எண் அல்ல) கிரவுண்டுக்கும் (மின்சுற்றின் 0 வோல்ட் முனை) நடுவே ஒரு ரீசெட் பட்டன் வையுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகி, அந்தச் சாக்கெட்டையே பெயர்த்துவிடுவார்கள்.

எல்.இ.டி.யை, பின் 1 ஆனால் எரியும்படி இணையுங்கள். பட்டனை, அழுத்தினால் 1 வரும்படி இணையுங்கள். பட்டனின் ஒரு கால் 3.3 வோல்ட்டில், மறு கால் பின்னுக்கும், 4.7 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கும். தொழிலில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, அழுத்தினால் 0 வரும்படிதான் இணைப்பார்கள். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுவர வேண்டாம். ‘அழுத்தினால் உண்மை’ என்பதே முதல் மாதத்துக்குச் சரி.

ஏன் வழக்கமான 10 கிலோ ஓம் இல்லாமல் 4.7? 2024 ஆகஸ்டில் வந்த பிக்கோ 2-இன் முதல் பதிப்புச் சிப்பில் ஒரு பிழை உண்டு. உள்ளீட்டுப் பின்னிலிருந்து மின்கசிவு ஏற்பட்டு, பட்டனை விட்ட பிறகும் பின் சுமார் 2 வோல்ட்டிலேயே நின்றுவிடும். 8.2 கிலோ ஓமோ அதற்குக் குறைவோ வெளியில் வைத்தால்தான் கீழே இறங்கும். 4.7 வைத்தால் பழைய பிக்கோ, புதிய பிக்கோ இரண்டையும் அதே சாக்கெட்டில் சொருகலாம்.

எல்.டி.ஆரின் ஒரு கால் 3.3 வோல்ட்டுக்கு, மறு கால் 4.7 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு, நடுப்புள்ளி பின்னுக்கு. வெளிச்சம் கூடினால் எண்ணும் கூடும். திருப்பிப் போட்டால் வெளிச்சம் கூடக்கூட எண் குறையும், வகுப்பே குழம்பும்.

பஸ்ஸர் வாங்கும்போது, தானே ஒரே சுருதியில் கத்தும் ஆக்டிவ் வகை வேண்டாம். நாம் கொடுக்கும் சுருதியில் ஒலிக்கும் பாஸிவ் வகை வேண்டும், அதிலும் பீசோ (மின்னழுத்தத்தில் அதிரும் தகடு). காந்தச் சுருள் வகையின் தடை 16 ஓம் அளவில்தான் இருக்கும், அதை நேராகப் பின்னில் இணைத்தால் பின் தாங்காது, டிரான்சிஸ்டரும் டயோடும் சேர்க்க வேண்டிவரும். பீசோ ஒரு ரெசிஸ்டரோடு நேராக ஓடும். சத்தம் சற்றுக் குறைவு. 20 பிள்ளைகள் ஒரே நேரத்தில் அதை ஒலிக்கவிடும் அறையில் அது வரம்.

பிள்ளைகள் எதையும் எதோடும் இணைத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் பாதி போர்டுகள் போய்விட்டன. எப்படிப் பாதுகாப்பது?
– அடல் டிங்கரிங் லேப் பொறுப்பாசிரியர், தென்காசி

இணைக்கத்தான் செய்வார்கள், இணைக்கவும் வேண்டும். ‘தொடாதே, கெட்டுவிடும்’ என்று சொல்ல வேண்டிய நிலையில் போர்டு இருந்தால் அது வடிவமைத்தவரின் பிழை. எந்தத் தவறு நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான், ஒவ்வொன்றுக்கும் விலை குறைந்த மருந்தும் இருக்கிறது.

அடிக்கடி நடப்பது, வெளியீடாக வைத்த பின்னை நேராகக் கிரவுண்டில் கிளிப் போடுவது. ஒவ்வொரு வெளித் தொடுமுனைக்கும் பிக்கோ பின்னுக்கும் நடுவில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை போர்டிலேயே வைத்துவிடுங்கள். ஷார்ட் ஆனாலும் 3.3-ஐ 330-ஆல் வகுத்தால் 10 மில்லி ஆம்பியர்தான். அது எத்தனை மணி நேரம் ஓடினாலும் பின் தாங்கும். இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதினால் இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து 5 மில்லி ஆம்பியர். இன்னொரு நன்மையும் உண்டு: பிள்ளை ஒரு எல்.இ.டி.யைத் தனி ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கிளிப்பில் மாட்டினாலும் 4 மில்லி ஆம்பியரில் அழகாக எரியும். சர்வோவின் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) சிக்னலுக்கோ, ஓ.எல்.இ.டி. திரைக்கோ, அனலாக் படிப்புக்கோ இந்த 330 ஓம் இடைஞ்சல் செய்யாது.

பட்டன் பின்னுக்கும் அதே 330 போடுங்கள். நிரலில் 14-ஐத் தவறுதலாக வெளியீடாக்கி 0 என்று வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினால், 3.3 வோல்ட் நேராக அந்தப் பின்னுக்குள் பாயும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். திருகின் நடுக்காலுக்கும் பஸ்ஸருக்கும் எல்.இ.டி.களுக்கும் அதே மதிப்பு. இப்படிச் செய்தால் போர்டு முழுக்க ரெசிஸ்டர் மதிப்பு இரண்டே இரண்டு: 330 ஓம் 12, 4.7 கிலோ ஓம் 3. பொருத்துபவர் கையிலும் தவறு குறையும்.

இரண்டாவது, 3.3 வோல்ட் தொடுமுனையும் கிரவுண்டும் ஷார்ட் ஆவது. தொடுமுனைக்குப் போகும் 3.3 வோல்ட் பாதையில் 200 மில்லி ஆம்பியர் தாங்கும் தானே மீளும் ஃபியூஸ் ஒன்றை வையுங்கள். கடையில் பாலிஃபியூஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அது சூடாகித் திறக்கச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் மின்னழுத்தம் சரிந்து பிக்கோ ஒருமுறை அணைந்து எழலாம், கணினியில் போர்டு மறைந்து மறைந்து தோன்றும். ஆசிரியருக்குக் காரணம் தெரிய வேண்டுமே! அதற்காக ஃபியூஸைத் தாண்டிய பிறகு, தொடுமுனைப் பக்கத்தில், ஒரு சிவப்பு மின்விளக்கு எல்.இ.டி. வையுங்கள். அது அணைந்திருந்தால் வெளியே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அறையின் கடைசியிலிருந்தே பார்த்து, ‘மூன்றாவது பெஞ்சில் கிளிப்பைக் கழற்று’ என்று சொல்லிவிடலாம். இந்த எல்.இ.டி.யை ஃபியூஸுக்கு முன்னால் வைத்தால் ஷார்ட்டைத் தனியாகக் காட்டாது.

மூன்றாவது 5 வோல்ட். அதற்கு மருந்து, 5 வோல்ட்டை வெளியே கொண்டுவராமலே இருப்பது. பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 26, 27, 28-ஆம் அனலாக் பின்கள் அதற்கு மேல் 0.3 வோல்ட் போனாலே ஆபத்து. பிக்கோவின் இரண்டு பக்கமும் கூடுதல் ஊசி வரிசை வைத்து எல்லாப் பின்னையும் வெளியே எடுத்துவிடும் ஆசை வடிவமைப்பவர்களுக்கு வரும். விட்டுவிடுங்கள்.

கடைசியாக, போர்டின் அடிப்பக்கம். பிள்ளைகள் மேஜையில் இரும்பு ஜியோமெட்ரி பாக்ஸ் திறந்தே கிடக்கும், போர்டை அதன் மேல்தான் வைப்பார்கள். நான்கு மூலையிலும் 3.2 மில்லிமீட்டர் துளை விட்டு, 10 மில்லிமீட்டர் நைலான் கால்கள் மாட்டுங்கள். இன்னும் நல்லது, அடியில் ஒரு அக்ரிலிக் தகடு.

9 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

கூடாது கண்ணா. பிக்கோவின் மின் உள்ளீடு 5.5 வோல்ட் வரைதான் ஏற்கும், 9 வோல்ட் கொடுத்த உடனே இறந்துவிடும். மூன்று ஏ.ஏ. பேட்டரி போட்ட பெட்டி எடுத்துக்கொள். அதன் பிளஸ் வயர் 1என்5817 என்ற ஷாட்கி டயோடு (ஒரே திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்) வழியாக 39-ஆம் ஊசிக்குப் போகட்டும். பேட்டரியைத் திருப்பிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது, யுஎஸ்பி கேபிளும் சேர்ந்து மாட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகாது. பட்டன் வடிவக் காசு பேட்டரி வேண்டவே வேண்டாம். வீட்டில் சின்னத் தம்பி தங்கை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எல்.எம்.35 வெப்ப சென்சாரை பிக்கோவில் இணைத்தேன். வெப்பநிலை தாறுமாறாகக் காட்டுகிறது. சென்சார் கெட்டதா?
– அறிவியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

சென்சார் நன்றாகவே இருக்கலாம். எல்.எம்.35-க்குக் குறைந்தது 4 வோல்ட் மின்சாரம் வேண்டும், 3.3-இல் அது ஒழுங்காக வேலை செய்யாது. ஊனோவுக்கான பாடத்தை அப்படியே பிக்கோவுக்கு மாற்றும்போது அடிக்கடி வரும் சிக்கல் இது. 2.3 வோல்ட்டிலிருந்தே ஓடும் எம்.சி.பி.9700 வாங்குங்கள். 0 டிகிரியில் 500 மில்லிவோல்ட், அதன் பிறகு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட். 30 டிகிரி அறையில் 800 மில்லிவோல்ட் வரும், மைக்ரோபைத்தானில் அது 15,900-க்குப் பக்கத்தில் படிக்கும்.

எண் அப்போதும் கொஞ்சம் ஆடும். பிக்கோவின் மின்சீராக்கி உண்டாக்கும் சிற்றலைகள் அதற்கு ஒரு காரணம். ஜிபி23-ஐ வெளியீடாக்கி 1 என வைத்தால் சிற்றலை குறையும். கூடவே 16 முறை படித்துச் சராசரி எடுங்கள். சராசரி என்ற கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயன் காட்ட முடியாது.

தொடுமுனைகள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

துளை 4 மில்லிமீட்டர். சுற்றிலும் செப்பு வளையம், போர்டின் விளிம்பு வரை. இரண்டு துளைகளின் மையங்களுக்கு நடுவே குறைந்தது 12 மில்லிமீட்டர். முதலை கிளிப்பின் வாய் பக்கவாட்டில் ஆடும், அதன் ரப்பர் உறை பின்னால் நகர்ந்துவிடும், அப்போது அடுத்த வளையத்தைத் தொடாதிருக்க இந்த இடைவெளி வேண்டும். 3.3 வோல்ட்டையும் கிரவுண்டையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒன்று இடது கோடியில், மற்றது வலது கோடியில். கிரவுண்டு மட்டும் இரண்டு இருந்தால் நல்லது.

போர்டில் தமிழ் எழுத்து அச்சிட முடியுமா? செய்யக் கொடுத்த இடத்தில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக அச்சிட்டு அனுப்பிவிட்டார்கள்.
– புத்தகக் கடை நடத்துபவர், மதுரை

முடியும். போர்டு செய்பவரிடம் எழுத்துரு இருக்குமா என்ற கேள்வியே எழாதபடி, எழுத்தைப் படமாக மாற்றிக் கொடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து, எழுத்துகளைப் பாதைகளாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, போர்டு வரையும் கிகாட் மென்பொருளில் மேல் அச்சுப் படலத்தில் இறக்குங்கள். 2023-இல் வந்த கிகாட் 7 முதல் கணினியிலுள்ள எழுத்துருக்களை நேராகவும் பயன்படுத்தலாம். ஆனால் கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று, போர்டு செய்பவருக்கு அனுப்பப்போகும் கெர்பர் கோப்பையே திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆங்கில எழுத்துக்கு 1 மில்லிமீட்டர் உயரம் போதும் என்பார்கள். தமிழுக்குப் போதாது. ‘ஞ’, ‘ணை’, ‘ஐ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் மையால் அடைபட்டுவிடும். உயரம் 2.5 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 0.2 மில்லிமீட்டர், தடித்த எழுத்து வேண்டாம். ‘ஒளி’, ‘ஒலி’ என்று பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டால் சிறிய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ‘வெளிச்சம்’, ‘பஸ்ஸர்’ என்று போட்டுவிடலாம், அருகில் ஒரு சூரியனும் மணியும் வரையலாம்.

பெயரைவிடப் பெரிதாகப் பின் எண்ணை அச்சிடுங்கள், 3 மில்லிமீட்டராவது. பிள்ளை நிரலில் தட்டச்சு செய்யப்போவது அந்த எண்ணைத்தான். எண்ணும் பெயரும் பாகத்துக்கு அடியில் போய்விடக் கூடாது. திரையில் அழகாகத் தெரிந்தது, பட்டனைச் சோல்டர் செய்ததும் மறைந்துவிடும்.

நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மங்கிய கறுப்பு போர்டு பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் செப்புப் பாதை தெரியாது. பச்சையோ நீலமோ எடுத்து, பின்னிலிருந்து எல்.இ.டி. வரைக்கும் போகும் பாதையை மேல்பக்கத்திலேயே 0.5 மில்லிமீட்டர் அகலத்தில், வளைவு நெளிவு குறைவாக ஓட்டுங்கள். கிரவுண்டுப் பரப்பு அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். பிள்ளை விரலை வைத்துப் பாதையைத் தொடர்ந்து போய், ‘மின்சாரம் இப்படிப் போகிறது’ என்று கண்டுபிடிக்க வேண்டும். போர்டிலேயே பாடம் எழுதியிருப்பதற்குச் சமம் அது.

சர்வோ மோட்டார் திரும்பும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறது. நிரலில் பிழையா?
– பெற்றோர் ஒருவர், புதுச்சேரி

நிரலில் இல்லை. எஸ்ஜி90 போன்ற குட்டி சர்வோகூடத் தொடங்கும் கணத்திலும் தடைபடும்போதும் பல நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். யுஎஸ்பி மின்னழுத்தம் சரிந்து பிக்கோ மயங்கி எழுகிறது. சர்வோவுக்கு நான்கு ஏ.ஏ. பேட்டரி கொண்ட தனிப் பெட்டி கொடுங்கள். அந்தப் பெட்டியின் மைனஸ், போர்டின் கிரவுண்டு இரண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இதை மறந்தால் சர்வோ நடுங்கும், அல்லது அசையவே அசையாது. சர்வோவுக்கு அருகே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. சக்கர வண்டிக்கான மஞ்சள் மோட்டார் என்றால் டி.ஆர்.வி.8833 டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் சிப்) நல்லது. எங்கும் கிடைக்கும் எல்298என் தனக்கே 2 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், 6 வோல்ட் பெட்டியில் மோட்டாருக்கு மிஞ்சுவது நாலுதான்.

கணினியில் போர்டு தெரிவதே இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் நான்கைந்து பேருக்கு இப்படி ஆகிறது.
– தன்னார்வப் பயிற்சியாளர், கரூர்

முதலில் கேபிள். பவர்பேங்கோடு வரும் கேபிள்கள் பலவற்றில் மின்சார வயர் மட்டுமே இருக்கும், தகவல் வயர் இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. எல்லாக் கேபிளையும் ஒருநாள் உட்கார்ந்து, நன்றாக வேலை செய்யும் ஒரு போர்டில் சோதித்து, தேறியவற்றுக்கு மட்டும் நிற நாடா ஒட்டுங்கள். மற்றவை வகுப்புக்குள் வரவே கூடாது.

கேபிள் சரி என்றால் மின்விளக்கு எல்.இ.டி.யைப் பாருங்கள். அணைந்திருந்தால் கிளிப்புகளை எல்லாம் கழற்றுங்கள். அதன் பிறகும் தெரியவில்லை என்றால், பூட்செல் பட்டனை அழுத்தியபடியே கேபிளைச் சொருகுங்கள். ஒரு டிரைவ் தோன்றினால் பிக்கோ உயிரோடு இருக்கிறது, மைக்ரோபைத்தான் கோப்பை மறுபடி அதில் இழுத்துப் போட்டால் போதும். சில பள்ளிகளில் பென்டிரைவ் மாட்ட முடியாதபடி கணினியைப் பூட்டியிருப்பார்கள், அங்கே இந்த டிரைவும் தோன்றாது. எனவே மைக்ரோபைத்தானை வீட்டிலேயே எல்லாப் போர்டிலும் ஏற்றிக்கொண்டு போங்கள். வகுப்பில் தானி (Thonny) எனும் நிரல் எழுதும் எடிட்டர் சீரியல் இணைப்பு வழியாகத்தான் பேசும், அதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது.

போர்டு தெரிகிறது, ஆனால் தானியோடு பேச மறுக்கிறது என்றால், உள்ளே நிற்காத சுழற்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்கும். சுழற்சிக்குள் 10 மில்லி விநாடியாவது காத்திருக்கும் வரி ஒன்றை எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள்.

பட்டனை ஒருமுறை அழுத்தினால் எண்ணிக்கை மூன்று ஏறுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உலோகத் தகடு ஒட்டும்போது துள்ளுகிறது. அழுத்தம் கண்டதும் 20 மில்லி விநாடி காத்திருந்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

என் போர்டில் டைப்-சி சாக்கெட் வைத்தேன். பழைய சார்ஜர் கேபிளில் வேலை செய்கிறது, இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் உயிரே வரவில்லை.
– பொறியியல் மாணவர், கோவை

சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு கால்கள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் வேண்டும். அது இல்லாவிட்டால் எதிர்முனை மின்சாரம் தராது. இரண்டையும் இணைத்து ஒரே ரெசிஸ்டர் போடவும் கூடாது. 2019-இல் ராஸ்பெரி பை 4-இன் முதல் பதிப்பு அப்படித்தான் வந்தது, உள்ளே சிப் வைத்த விலை உயர்ந்த கேபிள்கள் சில அதை ஆடியோ கருவி என்று எண்ணி மின்சாரம் தர மறுத்தன.

வரைந்து முடித்துவிட்டேன். 100 போர்டுக்கு ஆர்டர் கொடுக்கலாமா?
– மின்னணுக் கடை உரிமையாளர், ஈரோடு

ஐந்து மட்டும் கொடுங்கள். அதற்கும் முன், கிகாட்டிலிருந்து ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, உண்மையான பாகங்களைக் குத்திப் பாருங்கள். பிக்கோவின் இரண்டு ஊசி வரிசைகளுக்கு நடுவே 17.78 மில்லிமீட்டர். யுஎஸ்பி வாய் போர்டின் விளிம்பை நோக்கி இருக்கிறதா, கேபிளின் பிளாஸ்டிக் தலை எதிலும் இடிக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் இரண்டு துளை விட்டால் கேபிளை டை போட்டுக் கட்டிவிடலாம், இழுபடும் விசை சாக்கெட்டில் விழாது. நான்கு கால் பட்டனில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே இணைந்தவை. 90 டிகிரி திருப்பி வரைந்துவிட்டால் பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். எதிர்மூலைக் கால்கள் இரண்டைப் பயன்படுத்தினால் எப்படி வைத்தாலும் சரியாக வரும்.

போர்டு வந்ததும் பாகங்களைச் சோல்டர் செய்து, பிக்கோவைச் சொருகும் முன் மல்டிமீட்டரில் 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தடையை அளந்து பாருங்கள். திருகும் எல்.டி.ஆரும் அங்கே இருப்பதால் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். 100-க்குக் கீழே காட்டினால் எங்கோ சோல்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு எல்.இ.டி. மூன்றையும் வரிசையாக எரித்து, ஒரு பீப் ஒலித்து, திருகு மற்றும் எல்.டி.ஆர். எண்களைத் திரையில் காட்டும் சோதனை நிரல் ஒன்றை ஏற்றுங்கள். ஒரு போர்டுக்கு ஒரு நிமிடம். அந்த நிரலை அழிக்காமல் விட்டுவிட்டால், பிள்ளை முதன்முதலில் மின்சாரம் கொடுத்ததும் போர்டு தானாக விழித்துக்கொள்ளும்.

இந்த ஐந்தையும் ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து, எதுவும் விளக்காமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர்கள் கை முதலில் எங்கே போகிறது, எந்த எண்ணைத் தப்பாக வாசிக்கிறார்கள், எதைப் பிடித்து போர்டைத் தூக்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்தம் அங்கேதான் கிடைக்கும். திருத்திய பிறகு 100.

பிள்ளைகளையே சோல்டர் செய்யவைக்கலாமா?
– தலைமையாசிரியை, கும்பகோணம்

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் செய்யலாம், ஒரு பெரியவருக்கு நான்கு பிள்ளைகள் என்ற அளவில். ஈயம் இல்லாத கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், சோல்டரிங் இரும்பை 350 டிகிரி அளவில் வையுங்கள். எழும் புகை, நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் எனும் பொருளுடையது, ஜன்னல் பக்கம் ஒரு விசிறி வேண்டும். கண்ணாடியும் வேண்டும், வெட்டிய கால் துண்டு கண்ணுக்குத்தான் பறக்கும். உயரம் குறைந்த பாகத்திலிருந்து தொடங்குங்கள்: ரெசிஸ்டர், பட்டன், சாக்கெட், பஸ்ஸர், கடைசியில் எல்.இ.டி. எல்.இ.டி.யின் நீளமான காலுக்கு நேரே போர்டில் பெரிய ‘+’ அச்சிட்டிருங்கள். திருப்பிப் போட்டு எரியாமல் போவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

அர்டுயினோவின் வரைபடத்தைப் பார்த்து என் போர்டைச் செய்து விற்கலாமா?
– பட்டதாரி இளைஞர், தஞ்சாவூர்

ஊனோவின் வரைபடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை. மாற்றிப் பயன்படுத்தலாம், விற்கலாம், ஆனால் உங்கள் வரைபடத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். அர்டுயினோ என்ற பெயர் வணிகக் குறி, அதை உங்கள் போர்டின் பெயராக வைக்கக் கூடாது. உங்கள் பெயரை வையுங்கள். அதன் அருகே பின்பக்கத்தில் பதிப்பு எண்ணையும் மாதம், ஆண்டையும் மறக்காமல் அச்சிடுங்கள். இரண்டாம் பதிப்பில் பஸ்ஸர் 16-இலிருந்து 17-க்கு மாறியிருந்தால், எந்த மாணவர் கையில் எந்தப் போர்டு இருக்கிறது என்பதை வேறு எப்படியும் கண்டுபிடிக்க முடியாது.